வலது பக்கம் திரும்பினால் எரிகிற விளக்கு

மழை விட்டிருந்த ஒரு காலை. பஞ்சாபகேசன் சார் காரை ஓட்ட, நான் பக்கத்து சீட்டில், ஒயர் சோதிக்கும் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மந்தைவெளியில் இருந்த எங்கள் கார் ரிப்பேர் ஷெட்டிலிருந்து மயிலாப்பூரில் அவர் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அவர் ஓட்டிய வேகத்துக்கு, நடந்திருந்தால் முன்னாடியே போய்ச் சேர்ந்திருப்போம்.

"இன்னும் வரலை பார். இன்னும் வரலை," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப்போய்த் திரும்பிப் பார்த்தார்கள். கார் உள்ளே ஈரத் துணி வாசனையும், டேஷ்போர்டில் யாரோ பூசி வைத்த சந்தனத்தின் வாசனையும் கலந்து வந்தது.

அவர் தெரு முனையில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கும். எதிரே ஒரு டிரான்ஸ்பார்மர். இரண்டுக்கும் நடுவே புகுந்து தெருவுக்குள் போகவேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் அடியோடு ஒடித்தாக வேண்டும். ஒடித்தார். டேஷ்போர்டில் இரண்டு மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. ஒன்றில் ஏபிஎஸ் என்ற எழுத்து. இன்னொன்றில் சறுக்கிக்கொண்டு போகும் காரின் சின்னப் படம்.

"வந்துடுத்து, பாத்தியா?" என்றார். வைத்தியரிடம் இருமிக் காட்டிய திருப்தி அந்தக் குரலில் இருந்தது.

மாடி பால்கனியில் ஜெயம் மாமி நின்றிருந்தார். சாரின் மனைவி. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஸ்டெல்லா, இன்னிக்கும் எரியறதா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். மாமி உள்ளே போய்விட்டார்.

ஒயர் என் பக்கம், சக்கரம் அவர் பக்கம்

டெலிவிஷன் ரிப்பேரிலிருந்து நான் காருக்கு வந்தது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். பெரிய கதையெல்லாம் இல்லை. சாந்தோமில் எங்கள் வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள், டீச்சர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் பழைய மாணவர் யாராவது ஒருவர் என் அப்பாவைப் பார்த்துக் கையிலிருந்த சிகரெட்டை ஒளிப்பார். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பொறுமை கிடையாது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, சால்டரிங் அயர்னைப் பிடித்துவிட்டேன்.

மணி அண்ணன் மந்தைவெளியில் கார் ஷெட் வைத்திருந்தார். எஞ்சின், பிரேக், கிளட்ச் எல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் தொண்ணூறுகளில் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த கார்களைத் திறந்தால் உள்ளே இடியாப்பம் மாதிரி ஒயர். மனுஷர் மிரண்டு போனார்.

"இன்னா மேடம் இது, கார்ல டிவி ஸ்டேஷன் வச்சுக்கீறான்? நீ வந்து பாரு," என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். அப்படியே அங்கேயே நின்றுவிட்டேன்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. பானட்டுக்கு அடியில் ஓடும் ஒயரும் டேஷ்போர்டும் என் பக்கம். எஞ்சினும், சக்கரமும் அதற்குப் பின்னால் இருக்கிற சமாசாரமும் அவர் பக்கம். அவர் ஒயரைத் தொடமாட்டார், நான் ஸ்பேனரைத் தொடமாட்டேன். சண்டை வராமல் இருக்க அது நல்ல ஏற்பாடுதான். பஞ்சாபகேசன் சார் காரில் அதுவே எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது.

ஸ்டிக்கர் பொட்டு வைத்தியம்

இந்த மஞ்சள் விளக்குகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன சென்சார் இருக்கும். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அது காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவசரமாக பிரேக் போடும்போது சக்கரம் சுற்றாமல் இறுகி வழுக்கினால், கம்ப்யூட்டர் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். அதுதான் ஏபிஎஸ். கிளம்பும்போது சக்கரம் ஈரத்தில் சும்மா சுழன்றால் அடக்குவது டிராக்‌ஷன் கண்ட்ரோல். இரண்டுக்கும் சேதி சொல்வது அதே சென்சார்தான். ஒரு சக்கரத்திலிருந்து சேதி வராவிட்டால் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு விளக்கைப் போட்டுவிடுவார்கள். சாதா பிரேக் பாட்டுக்கு வேலை செய்யும்.

இதெல்லாம் அன்றைக்கு ஊரில் யாருக்கும் தெரியாது. கார் வாங்கியவருக்கும் தெரியாது, ரிப்பேர் செய்கிறவருக்கும் தெரியாது. விளக்கு எரிந்தால் பல்பைப் பிடுங்கிவிடுவார்கள். "சரி பண்ணியாச்சு சார்" என்று சாவியைக் கொடுப்பார்கள்.

கோபாலபுரத்தில் ஒரு வக்கீல் இருந்தார். அவருடைய காரில் பல்பைக்கூடப் பிடுங்கவில்லை. அந்த மஞ்சள் விளக்கின் மேல் அவர் மனைவியின் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருந்தார். வெயிலில் பொட்டு உரிந்து விழுந்தால் இன்னொன்று ஒட்டுவாராம். கோர்ட்டில் சாட்சியை இப்படித்தான் மறைப்பீர்களா என்று கேட்டேன். மனுஷர் சிரித்து சிரித்துப் புரையேறிப் போனார்.

பஞ்சாபகேசன் சாரிடம் அது நடக்காது. எங்களுக்கு முன்னால் பார்த்த ஒரு மெக்கானிக் பல்பைப் பிடுங்கிவிட்டுக் காரைக் கொடுத்திருக்கிறார். சார் சாவியைத் திருப்பினார், பார்த்தார், வண்டியை விட்டு இறங்கிவிட்டார். "சாவி போட்ட உடனே விளக்கு ஒரு தரம் எரியணும், அப்புறம் அணையணும். இது எரியவே இல்லையே? பல்பைக் கொண்டா," என்று கையை நீட்டினாராம். அப்படிப்பட்ட ஆள்.

கோபாலபுரம் குழந்தைகள்

சார் சிங்கப்பூர் துறைமுகத்தில் என்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆகி வந்தவர். நெட்டையாக, பேச்சில் கறாராக, எதற்கும் சட்டைப் பையில் ஒரு டயர் பிரஷர் கேஜ் வைத்துக்கொண்டு இருப்பார். பிள்ளைகள் இல்லை. ஜப்பான் கார் ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். வெள்ளை நிறம்.

அந்தக் காரைக் கொண்டுவந்ததே மாமிக்காகத்தான். மாமிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தது. பஸ் படி ஏற முடியாது. ஆட்டோவில் குனிந்து ஏறி இறங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் கார் கதவைத் திறந்தால் அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே வாங்கிக்கொள்ளலாம்.

மாமிக்குப் போக ஒரு இடம் இருந்தது. கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவில் நடந்துவந்த சின்னப் பள்ளிக்கூடம். வாரம் இரண்டு நாள் அங்கே குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். சம்பளம் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. சார் கொண்டுபோய் விட்டுவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் காரிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்து, திரும்பக் கூட்டிக்கொண்டு வருவார்.

ஐப்பசி அடைமழையின்போது அது நின்றது. விளக்கு அணைகிற வரைக்கும் மாமியைக் காரில் ஏற்றமாட்டேன் என்று சார் சொல்லிவிட்டார். தான் மட்டும் ஊர்ந்துகொண்டு ஷெட்டுக்கு வருவார், போவார். "தனியாப் போனா பரவாயில்லை. அவளை வச்சிண்டு ரிஸ்க் எடுக்க முடியாது," என்பார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

கண் சிமிட்டும் கணக்கு

முதலில் நான் டயரைச் சந்தேகப்பட்டேன். அந்தக் காருக்கு வேண்டிய சைஸ் டயர் மெட்ராஸில் கிடைக்கவில்லை. முன்னால் ஒரு சைஸ், பின்னால் ஒரு சைஸ் போட்டிருந்தார்கள். சைஸ் மாறினால் சுற்றுகிற வேகம் மாறும், கம்ப்யூட்டர் குழம்பும். தி.நகரில் ஒரு டயர்க் கடைக்காரரைக் குடைந்து எடுத்து, எல்லாவற்றையும் ஒரே சைஸ் ஆக்கினோம். சார் சந்தோஷமாகப் போனார். தெரு முனையில் விளக்கு எரிந்தது.

அடுத்து, காரையே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். பானட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் இரண்டு துளைகளைத் துண்டு ஒயரால் இணைத்துச் சாவியைப் போட்டால், அந்த மஞ்சள் விளக்கு விட்டு விட்டுக் கண் சிமிட்டும். எத்தனை சிமிட்டல் என்று எண்ணிக்கொண்டு காரோடு வந்த புத்தகத்தில் பார்த்தால் எங்கே கோளாறு என்று தெரியும். முன்னால் வலது சக்கரத்து சென்சார் என்று வந்தது.

மணி அண்ணன் சக்கரத்தைக் கழற்றி சென்சாரை எடுத்துக் கொடுத்தார். அதன் நுனி காந்தம். இரும்புத் தூள் மொய்த்துக் கிடந்தது. துடைத்து, மீட்டர் வைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. எதற்கு வம்பு என்று புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடிப் பிடித்து வேறொன்று மாற்றினோம். ஷெட்டிலிருந்து பட்டினப்பாக்கம் வரை போய் வந்தோம். விளக்கு இல்லை. மீண்டும் போய் வந்தோம், இல்லை.

அதே தெரு முனை. அதே விளக்கு.

"மேடம், ஷோக்காத்தான் ஓடுது. வூட்டாண்ட போனாத்தான் மக்கர் பண்ணுது," என்றார் மணி அண்ணன். "வெளில நல்ல புள்ள, வூட்ல அடம். எங்க வூட்லயும் ஒண்ணு அப்டிதான் கீது."

நான் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம். அவர் சொன்னதில்தான் விஷயமே இருந்தது.

மாமி ஆட்டோவில் வந்தார்

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஷெட் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஜெயம் மாமி. நான் ஓடிப்போய்க் கையைக் கொடுத்தேன். இறங்குவதற்குள் என் தோளை அவர் பிடித்த பிடியில் வலி எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டோம்.

"மாமாவுக்குத் தெரியாது, நான் வந்தது," என்றார். "காரைக் கொடுத்துடறதா புரோக்கர்கிட்ட வாக்குக் கொடுத்துட்டார். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துண்டு போறாளாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை சார்.

"பிரேக்கை நம்ப முடியாது, தெரிஞ்சுண்டு வாங்கிக்கோன்னு சொல்லித்தான் கொடுக்கறார். அவர் குணம் அப்படி. நான் வேண்டாம்னு சொல்லலை, ஸ்டெல்லா. விளக்கு எரியறச்சே நான் எப்படி வேண்டாம்னு சொல்றது? வெள்ளிக்குள்ள நீ அதை அணைச்சுட்டா நான் கேப்பேன். இல்லேன்னா அந்தக் குழந்தைகளை நான் இனிமே பார்க்கப் போறதில்லை."

அழவில்லை. காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்கிற தொனியில்தான் சொன்னார். நான்தான் அழுதுவிடுவேன் போல இருந்தது.

இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில்

வியாழக்கிழமை காலை சாரிடம் காரைக் கேட்டு வாங்கி, மணி அண்ணனை ஓட்டச் சொன்னேன். தெரு முனைக்கு முன்னாலேயே இறங்கி, இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் போய்த் தரையோடு தரையாகக் குந்திக்கொண்டேன். இஸ்திரிக்காரர் பெட்டியை அந்தரத்தில் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"இன்னாம்மா, எதுனா வுயுந்துட்ச்சா?"

"இன்னும் விழல," என்றேன்.

கார் திரும்பியது. முழுக்க ஒடித்தபோது வலது சக்கரத்தின் உட்பக்கம் வெளியே தெரிந்தது. உள்ளே இருட்டில் கறுப்பாக ஏதோ ஒன்று இழுபட்டு விறைப்பதைப் பார்த்தேன். "நில்லு! நில்லு!" என்று கத்தினேன். பின்னால் வந்த ஸ்கூட்டர்கள் ஹாரன் அடிக்க, மணி அண்ணன் காரை அப்படியே நிறுத்தினார்.

கறுப்புக் கயிறு. திருஷ்டிக் கயிறு. நடுவில் ஒரு சங்கும் மஞ்சள் துணி முடிச்சும் கோத்தது. சஸ்பென்ஷன் ராடையும் சென்சார் ஒயரையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. சக்கரம் முழுக்கத் திரும்பும்போது ஒயருக்குப் போக இடமில்லை. ஒயர் நுனியைப் பூட்டுகிற கனெக்டர் இம்மியளவு வெளியே வந்துவிடும், சேதி அறுந்துவிடும், விளக்கு எரியும். நேராக்கினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

"மணிண்ணே, இது எத்தனை நாளா இங்க இருக்கு?"

"அதுவா? முதல் தபா சக்கரம் கயட்டும்போதே இருந்துச்சே."

"சென்சார் மாத்தும்போது?"

"அவுத்து சாமி படத்தாண்ட ஆணில மாட்டி வச்சேன். வேல முட்சதும் எடுத்த எடத்துலயே கட்டிட்டேன்."

நான் நடுத்தெருவில் நின்று கத்திய கத்தலில் பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். மணி அண்ணன் அசரவில்லை. "சாமிக் கயிறு மேடம். வண்டிக்காரன் நம்பிக் கட்னது. எவனாவது தூக்கிப் போடுவானா? எங்கப்பன் காலத்துலேர்ந்து எங்க ஷெட்ல அது பயக்கமே இல்ல," என்றார். இஸ்திரிக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். வேறு எந்த ஷெட்டாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள்.

கயிற்றை அவிழ்த்து, கனெக்டரை அழுத்திப் பூட்டினேன். அதே முனையில் முன்னாலும் பின்னாலுமாகத் திரும்பத் திரும்ப ஒடிக்கச் சொன்னேன். விளக்கு எரியவே இல்லை.

தெரியும்

கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே மாடி ஏறினேன். யார் கட்டியது என்று நான் யோசிக்கக்கூட இல்லை. கார் துடைக்கிறவர் யாராவது இருக்கும் என்று எண்ணம். அதைப் பார்த்ததும் மாமியின் முகம் வெளுத்துவிட்டது.

"அது நான் கட்டச் சொன்னது," என்றார், நான் வாயைத் திறப்பதற்குள். சாரின் பக்கம் திரும்பினார். "கார் துடைக்கறவன்கிட்ட கொடுத்து, மாமா கண்ணுல படாத இடமா கட்டுடான்னேன். அன்னிக்கு மழையில ஆத்துக்கு வந்தேளே, மூஞ்சி பேயறைஞ்சாப்பல. கேட்டா ஒண்ணுமில்லைன்னுட்டேள். யார் கண்ணு பட்டதோன்னு பயந்துண்டு கோவில்ல வச்சு வாங்கிண்டு வந்தேன். உங்களுக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு சொல்லலை."

சார் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். "தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"டயருக்குக் காத்து பார்க்கறச்சே பார்த்தேன். நீதான் கட்டச் சொல்லியிருப்பேன்னு தெரியும். உனக்கு அதுல ஒரு தைரியம்னா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

ஒருத்தர் கட்டச் சொல்லி மறைத்தார். ஒருத்தர் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார். ஒருத்தர் பயபக்தியோடு அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். அந்தக் கயிற்றுக்கு இத்தனை மரியாதை. இவர்களில் ஒருத்தராவது கொஞ்சம் மரியாதைக் குறைவாக நடந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கயிறு ஒயரை இழுத்ததுதான் கோளாறு, இனி விளக்கு எரியாது என்று சொன்னேன். மாமியின் முகத்தில் மெல்ல ரத்தம் வந்தது. "அப்போ சரியாயிடுத்தே. புரோக்கருக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுங்கோ."

"வாக்குக் கொடுத்தாச்சு," என்றார் சார்.

"விளக்குதானே காரணம்? அதான் அணைஞ்சுடுத்தே?"

"வாக்குக் கொடுத்தாச்சு, ஜெயம்."

மாமி சமையலறைக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு, ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் படி இறங்கினேன்.

காரா, காலா

சார் என் பின்னாலேயே இறங்கி வந்தார். மணி அண்ணன் டீக்கடைக்குப் போயிருந்தார். காருக்குப் பக்கத்தில் நின்று பானட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், ஸ்டெல்லா. பிரேக்கை மிதிக்கறச்சே கால் நடுங்கினா, அது காரோட கோளாறா, காலோட கோளாறா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். அந்த மழை நாளில் பீச் ரோட்டில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்திருக்கிறது. முழு பலத்தோடு பிரேக்கை மிதித்திருக்கிறார். கார் நின்றுவிட்டது, சைக்கிளும் தப்பித்துவிட்டது. ஆனால் மிதித்த கால் தடதடவென்று நடுங்கியிருக்கிறது.

"எங்கப்பாவுக்கு இந்த வயசுலதான் கை நடுங்க ஆரம்பிச்சது. சாதத்தைப் பிசைஞ்சு வாய்க்குக் கொண்டுபோறதுக்குள்ள பாதி கீழ விழும். எனக்கு காலோட ஆரம்பிச்சிருக்குன்னு நினைச்சேன். அவகிட்ட எப்படிச் சொல்றது? அவளுக்கு இருக்கறது நான் ஒருத்தன். அப்புறம் நாலு நாள்ல இந்த விளக்கு எரிஞ்சுது." தலையைக் குனிந்துகொண்டார். "எரிஞ்சதும் எனக்கு நிம்மதியா இருந்தது. ஓட்டாம இருக்க ஒரு காரணம் கிடைச்சுதே."

"சார்," என்றேன், "ஏபிஎஸ் வேலை செஞ்சா பெடல் அப்படித்தான் நடுங்கும். விட்டு விட்டுப் பிடிக்குதில்ல, அந்த அதிர்வு காலுக்கு வரும். நல்லா இருக்கற காருக்கு அதுதான் அடையாளம்."

அவர் நம்பவில்லை. நான் ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்தார். ஏறுங்கள் என்றேன்.

அடையாறு பாலத்தைத் தாண்டி, திருவான்மியூர் தாண்டி, பாலவாக்கம் வரை போனோம். கடற்கரைக்குப் போகும் ஒரு குறுக்குத் தெருவில் மணல் ரோடு முழுக்கப் பரவிக் கிடந்தது. ஆளில்லை. கொஞ்சம் வேகம் எடுக்கச் சொல்லி, "இப்ப மிதிங்க," என்றேன்.

கார் கறகறவென்று அதிர்ந்து நின்றது. சாரின் முழங்கால் ஆடியதை நானே பார்த்தேன். அவர் காலைப் பெடலிலிருந்து எடுத்து, அந்தரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கால் அசையாமல் நின்றது. மறுபடி ஓட்டினார், மறுபடி மிதித்தார். அதே நடுக்கம். அதே அசையாத கால். ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"நான் இல்லை," என்றார். "நான் இல்லைம்மா."

திரும்பி வரும்போது வேகமாகத்தான் ஓட்டினார். எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

டெலிபோன்

செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குப் போய் புரோக்கருக்கு போன் போட்டார். கொடுத்த வாக்கை அவர் திரும்பக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். குரல் குழறியது. சார் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. "ஓகோ." "அப்படியா." "நாள் பார்த்தாச்சா." "இல்லை, இல்லை. பொண்ணு கல்யாணம்னா அப்புறம் என்ன. சொன்னபடியே எடுத்துக்கோங்கோ." ரிசீவரை வைத்தார்.

வாங்குகிறவர்கள் வீட்டில் கல்யாணமாம். விளக்கு எரிவது தெரிந்தேதான் வாங்க ஒப்புக்கொண்டார்களாம். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து, கோவிலில் பூஜைக்குச் சொல்லிவிட்டார்களாம். இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். நானாக இருந்தால் போட்டிருப்பேன். அவருக்கு அது வராது.

மாமி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சார் ஊஞ்சலில் உட்கார்ந்து, அவரைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னார். சைக்கிள், கால், அப்பாவின் கை, பாலவாக்கத்து மணல் எல்லாம். நான் அங்கே நின்றிருக்கக் கூடாது. நகரவும் தெரியவில்லை.

மாமி மெதுவாக நடந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்வதற்கு அவருக்கு எப்போதும் போல நேரம் பிடித்தது.

"நிஜமாவே உங்க கால்தான் நடுங்கித்துன்னு வச்சுக்கோங்கோ," என்றார். "அப்பவும் என்கிட்ட சொல்லிருக்கலாமோன்னோ? மெதுவா ஓட்டுங்கோன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு ஏறி உட்கார்ந்திருப்பேனே."

மறுநாள் காலை கல்யாண வீட்டுக்காரர்கள் பூ மாலையோடு வந்து காரை எடுத்துக்கொண்டு போனார்கள். தெரு முனையில் வலது பக்கம் முழுக்க ஒடித்துத் திரும்பியபோதும் அதில் எந்த விளக்கும் எரிந்திருக்காது.